ஐம்பத்தெட்டேகால் மணித்தியாலம்

எண்ணுவது எனக்கு ஒரு வியாதி. எங்கள் கிணற்றிலிருந்து சமைக்கிற குசினிக்கு நாற்பத்துமூன்று காலடி. வாசல் படலையில் பதினேழு தடி. இவ்வளவையும் சரியாக எண்ணிய நான் ஒரேயொரு கணக்கில் பிழைவிட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு எனக்கும் மனைவி செல்லம்மாவுக்கும் ஒன்றாகவே இடுப்பு நோ. அப்போது ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வு நடந்தது. நோவுக்காரருக்குக் கிழமையில் இரண்டு நாள் உடற்பயிற்சி வகுப்பு. அதனால் அவர்கள் எவ்வளவு வேலை செய்யக்கூடியதாக இருக்கிறது என்று அளப்பார்கள். கிழமைக்கொரு தாள். எத்தனை மணித்தியாலம் வேலை செய்தீர்கள், எத்தனை நாள் செய்ய முடியாமல் போனது என்று கேட்டிருக்கும். முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞராக இருந்தவன் என்பதால் இருவருடைய தாளையும் நானே நிரப்பினேன். (அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.)

வயற்காவல், மயில் கலைத்தல், மேற்பார்வை என்று என் தாளில் ஐம்பத்தெட்டேகால் மணித்தியாலம். அவளுடைய தாளில், நாற்பது வருடமாக எல்லாப் படிவங்களிலும் எழுதியதையே எழுதினேன்: 'தொழில் இல்லை.' மணித்தியாலம் பூச்சியம்.

நான்காம் கிழமை ஆய்வு உத்தியோகத்தர், ஓர் இளம்பிள்ளை, தொலைபேசி எடுத்தது.

"ஐயா, அம்மாவுக்கு வேலையே இல்லையெண்டால் நாங்கள் எதை அளக்கிறது? அவவை ஆய்விலை இருந்து எடுக்கவேண்டி வரும்."

எடுத்தால் வகுப்பும் போய்விடும். அந்த வகுப்புக்குப் போன பிறகுதான் செல்லம்மா இடுப்பைப் பிடிக்காமல் தண்ணீர் அள்ளத் தொடங்கியிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். வாளியைக் கீழே வைத்தாள்.

"இஞ்சாருங்கோ, எனக்கு என்ன எழுதினனீங்கள்?"

நான் கிணற்றைப் பார்த்தேன்.

"சரி, உங்களுக்கு?"

"ஐம்பத்தெட்டேகால்."

"அந்தக் கால் எதுக்கு?"

"பஸ் பிந்தினது. காத்துக்கொண்டு நிண்டனான்."

செவ்வாய்க்கிழமை அந்தப் பிள்ளை நேரிலேயே வந்து இறங்கியது.

"ஐயா நேற்று என்ன செய்தனீங்கள்?"

"மயில் கலைச்சனான்."

"அவர் கதிரையிலை இருந்து 'ஏய்' எண்டுவார்," என்றாள் செல்லம்மா. "வரம்பாலை ஓடுறது நான்."

"புல்லுப் பிடுங்கினது?"

"நான். எத்தினை கட்டெண்டு எண்ணினது அவர்."

பிள்ளை சிவப்புப் பேனையை எடுத்தது. என் ஐம்பத்தெட்டேகால் நாலரை ஆனது. செல்லம்மாவின் பூச்சியம் எழுபத்திரண்டு ஆனது. (மாட்டுக்கொட்டில் கூட்டியதில் அரை மணித்தியாலம் கூடிவிட்டதென்று ஆட்சேபித்தேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். விட்டுவிட்டேன்.)

"அம்மா, நோவாலை வேலை செய்யேலாமல் போனது எத்தினை நாள்?"

"நொந்தது ஆறு நாள். செய்யாமல் விட்டது ஒரு நாளும் இல்லை."

பிள்ளை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. அதை எழுத அதில் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டது.

செல்லம்மா ஆய்வில் தங்கினாள். அவள் வகுப்புக்குப் போகும் நாட்களில் தண்ணீர் என் பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. முதல் நாள் பின்னேரம் அவள் வந்து படலையைத் திறக்க முன்பே சொன்னேன்:

"செல்லம், கிணத்தடியிலை இருந்து குசினிக்கு நாப்பத்துமூண்டு இல்லை. வாளியோடை அறுபத்தொண்டு."

அவள் படலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஆய்வு முடிந்துவிட்டது, தண்ணீர் என்னிடமே தங்கிவிட்டது. வவுனியாவிலிருந்து மகள் பேசினால் சுகம் விசாரிப்பதில்லை. "அப்பா, இண்டைக்கு எத்தினை மணித்தியாலம்?" என்றுதான் தொடங்குவாள். எனக்கு முன்பே குசினிக்குள்ளிருந்து செல்லம்மாவின் பதில் போய்விடும்:

"கால் மணித்தியாலம் பிள்ளை. பஸ் பிந்திப்போச்சு."