உங்கள் அண்ணரை நடக்க வைத்த கோபங்கள்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.

அன்புள்ள தம்பி இராசதுரைக்கு மச்சாள் யோகம்மா எழுதிக்கொள்வது. அன்புள்ள என்று போடாமல் கடிதம் தொடங்கக்கூடாதென்று பேத்தி நிருஜா சொன்னதால் போட்டிருக்கிறேன். நாங்கள் சுகம். கிளிவெட்டியில் நீங்களும் வயலும் சுகமாயிருக்கக் கோணேசரை வேண்டுகிறேன். பத்தொன்பது வருசம் உங்களோடு கதையாமல் இருந்தவளுக்கு இவ்வளவு எழுதவே கை வலிக்கிறது.

உங்கள் அண்ணருக்குப் புரொஸ்டேட்டில் புற்றுநோய் வந்து, சத்திரசிகிச்சை செய்து தப்பினது உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனீர்கள், நான் பார்க்காத மாதிரிப் பார்த்தனான். வீட்டுக்கு வந்த பிறகுதான் கரைச்சல். துறைமுகத்தில் முப்பது வருசம் கப்பல் கயிறு இழுத்த மனிசன், மூத்திரம் சொட்டுகிறதென்ற வெட்கத்தில் கதிரையை விட்டு எழும்பமாட்டேனென்று இருந்துவிட்டார். கிளினிக் நேர்ஸ் மிஸ், "ஐயா, ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடவுங்கோ, மூத்திரத்தை அடக்கிற மாதிரி இறுக்கிப் பிடிச்சுப் பிடிச்சு விடுங்கோ, எல்லாம் சரிவரும்" என்று எத்தனை தரம் சொன்னவ! இறுக்கிப் பிடிப்பதை மட்டும் செய்தார், அதுவும் அவரோடு துறைமுகத்தில் வேலை செய்த, சுகம் விசாரிக்க வந்த கலீலுர் றஹ்மான் நானாவுக்கு முன்னால். கண்ணை உருட்டி மூச்சைப் பிடித்த பிடியில், தன் மேல்தான் ஏதோ கோபமென்று நானா பாதித் தேத்தண்ணியோடு எழும்பிப் போய்விட்டார்.

அன்று வந்த ஆத்திரத்தில், மூதூர் இறங்குதுறையில் அவர் மாமியை மட்டும் லோஞ்சுப் படகில் ஏற்றிக்கொண்டு, புதுப்பெண்சாதியான என்னை மூட்டையோடு மறந்துபோன கதையை எடுத்தேன். "உந்தக் கதையை இன்னொருக்காக் கேக்க ஏலாது" என்று செருப்பைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார். விடுவேனா? பின்னாலேயே போய்ச் சொன்னேன். அவர் ஓட்டமாய் நடக்க, நானும் நடக்க, ஜெற்றி வாசல் வந்துவிட்டது. அடுத்த நாள், என் அக்காவுக்கு முன்னால் என் சொதியைக் குறை சொன்ன கதை. பஸ் நிலையம் வரைக்கும் போனார். மூன்று மாதத்தில் டச்பே கடற்கரை வரைக்கும் நடக்கிறார், சொட்டுவதும் குறைந்துவிட்டது, டவுனுக்குள் திரிகிற மான்களோடு கதைக்கிறார்.

பெரிய கதையை மட்டும் சேமித்து வைத்திருந்தேன், அதற்கு நிலாவெளி வரைக்கும் நடப்பாரென்று நம்பி. எங்கள் மகள் ஜெயரூபியின் கலியாணத்தில் முன்வரிசைக் கதிரை தரவில்லையென்று நீங்கள் சாப்பிடாமல் போன கதை. போன செவ்வாய் எடுத்தேன். மனிசன் நடக்கவில்லை தம்பி. கடற்கரைக் கல்லில் குந்தி, "அவன் பசியோட போனவன், யோகம்" என்றார். அன்று தொடக்கம் திரும்பவும் கதிரைதான். அதுதான் பேனையை எடுத்தேன்.

வந்து அவரோடு நடவுங்கள். கிழமைக்கு ஒருநாள் போதும். மன்னித்துவிட்டேனென்று நினைக்கவேண்டாம், இது அவருக்காக.

பிள்ளைகளுக்கு என் ஆசி. உங்களுக்கும் கொஞ்சம்.

இப்படிக்கு,
மறக்காத மச்சாள்,
யோகம்மா

பி.கு: ஒட்டுமுன் அவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். சிரிக்கிறார். "உன்ர கதைக்குப் பயந்தே நான் நடந்தனான்? உனக்குச் சீனி கூடிப்போச்சு, நடக்க வையுங்கோ எண்டு டொக்டர் சொன்னவர். சொன்னாக் கேப்பியே நீ? ஏச வாறதெண்டால் எவ்வளவு தூரமும் வருவாய்" என்கிறார். ஆக, மூன்று மாதமாய் என்னைத்தான் நடக்க வைத்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை கல்லில் குந்தினது மட்டும் உண்மையாம். நீங்கள் வருவீர்களென்று இப்போது செருப்பைத் தேடுகிறார். அவருடைய கதிரை சும்மா கிடக்கிறது. துடைத்து முன்னுக்கே போட்டிருக்கிறேன். சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.