மூன்று நிமிட நடையில் ஒரு நல்ல ஓட்டல்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் ஒரு மனிதரைக் கிட்டத்தட்டக் கொன்றிருக்கிறேன். ஆயுதம் எதுவும் எடுக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு நடத்தி அழைத்துப் போனேன், அவ்வளவுதான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. நூற்பாலை இயந்திரங்கள் விற்கும் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றில் வேலை. குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும், அந்தப் பக்கத்து மில்காரர்களைப் பார்த்துவிட்டு வரும்படி என்னையும் மேலதிகாரி பழனிச்சாமி சாரையும் அனுப்பினார்கள். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து லாட்ஜில் ஆளுக்கொரு அறை. சார் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். கோபத்தில்கூட 'ங்க' போட்டுப் பேசுகிற மனிதர். "அந்த ஊருப் பொண்ணே கூட வருது, எனக்கென்ன கவலைங்க" என்று ஆபீசில் எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

சிக்கலே அந்த ஊர்ப் பெண்ணால்தான். என் சொந்த ஊர் திருச்சுழி. என் தாய்மாமா அருப்புக்கோட்டையில் மோட்டார், பைப் கடை வைத்திருக்கிறார். அவர் கொண்டுவந்த மாப்பிள்ளை வீட்டார் அந்த வாரம்தான் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. எனக்கு இஷ்டமில்லை. இஷ்டமில்லை என்று சொல்லத் தைரியமும் இல்லை. "ஹைதராபாத்துல பத்து நாள் டிரெய்னிங், லீவே கிடையாது" என்று அம்மாவிடம் புளுகிவிட்டேன். ஹைதராபாத்தில் இருக்க வேண்டியவள், அம்மாவிடமிருந்து அரை மணி பஸ் தூரத்தில் லாட்ஜ் ஜன்னல் திரையை விலக்கி விலக்கி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியம் ஒரு மணிக்கு சார் கதவைத் தட்டினார்.

"அம்மிணி, டிரைவர் சாப்பிடப் போயிட்டாருங்க. நடந்து போற தூரத்துல நல்ல ஓட்டல் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இருக்கு சார். மூணு நிமிஷ நடைதான்."

அது பொய்யில்லை. கல்லூரிக் காலத்தில் நான் சாப்பிட்ட ஏசி ஓட்டல். தலைவாழை இலை, மட்டன் சுக்கா, கேட்காமலே வந்து விழும் இரண்டாவது அப்பளம். "அப்ப ஒரு நிமிசம் இருங்க" என்று சார் தன் அறைக்குள் போய்விட்டு வந்தார். எதற்கென்று நான் கேட்கவில்லை. (கேட்டிருந்தால் இதை எழுத வேண்டியே இருந்திருக்காது.)

தெருவில் இறங்கிப் பத்தடி நடந்த பிறகுதான் உறைத்தது. அந்த ஓட்டலுக்கு மாமா கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். துப்பட்டாவால் கண்ணை மட்டும் விட்டு முகத்தைச் சுற்றிக் கட்டினேன். "வெயில் சார், இந்தப் பக்கம் நிழலா இருக்கும்" என்று இடப்பக்கத் தெருவில் அவரைத் திருப்பினேன். அந்தத் தெருவில் இருந்த ஒரே நிழல் ஒரு மின்கம்பத்தினுடையது.

அந்தத் தெருவின் டீக்கடை வாசலில் மாமாவின் பைக் மாதிரியே ஒன்று நின்றது. உடனே அடுத்த சந்து. சந்தில் அம்மாவின் சிநேகிதி ஒருத்தி காய் வாங்கிக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த சந்து. தறிச் சத்தம் கேட்கிற ஒரு தெருவில் இரண்டு முறை நடந்தோம்.

"மூணு நிமிசமுன்னீங்களே?"

"குறுக்கு வழில போறோம் சார்."

நம்பினார். சின்னவர்களை நம்புகிற பழக்கம் அவருக்கு உண்டு. கொஞ்ச நேரத்தில் பேச்சு நின்றது. நான் முன்னால் போய் ஒவ்வொரு முனையிலும் எட்டிப் பார்த்துத் திரும்பியதால் அதைக் கவனிக்கவில்லை. முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஒரு பூட்டிய ஷட்டருக்கு முன்னால் நின்று சார் சொன்னார்:

"இங்கயே உக்காந்துக்கலாமுங்க. இலை போட்டுட்டாங்க."

கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. விரல்கள் தனித்தனியாக நடுங்கின.

"சார், என்ன பண்ணுது?"

"ரூம்லயே இன்சுலின் போட்டுட்டனுங்க. மூணு நிமிசமுன்னு சொன்னீங்க..." என்றபடி படியில் சரிந்து உட்கார்ந்தார்.

அந்த ஊசி போட்டால் கால் மணி நேரத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும் என்பது எனக்கும் தெரியும். அந்த மனிதரின் மனைவிக்கு என்ன பதில் சொல்வேன் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. சுற்றிலும் குடோன்கள். ஒரே ஒரு பின்வாசல் திறந்திருந்தது. உள்ளே ஓடி, "யாராச்சும் இருக்கீங்களா, கொஞ்சம் சீனி குடுங்க" என்று கத்தினேன்.

நீல நிற பைப்புகளுக்கு அந்தப் பக்கம் ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் மாமா.

சுற்றிச் சுற்றி மாமா கடையின் பின்வாசலுக்கே வந்து சேர்ந்திருந்தேன். துப்பட்டாவை இழுத்து எறிந்தேன்.

"மாமா, எங்க சாருக்கு சுகர் இறங்கிருச்சு. வெளிய கெடக்காக."

எதிரே ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் இருந்த ஸ்வீட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாமா வெளியே ஓடினார். இருவருமாக சாரைத் தாங்கிவந்து நாற்காலியில் சாய்த்தோம். மாமா லட்டைப் பிட்டுப் பிட்டு வாயில் வைத்தார். மேலே கொஞ்சம் பன்னீர் சோடா. கால் மணி நேரம் கழித்து சார் கண்களை நன்றாக விழித்து, சுற்றியிருந்த பைப்புகளைப் பார்த்தார்.

"ஓட்டல் நல்லாருக்குதுங்க அம்மிணி."

அதற்குப் பிறகுதான் மாமா என் பக்கம் திரும்பினார்.

"என்னத்தா, ஹைதராபாத்துல இருந்து எப்ப வந்த?"

மாமா கண்ணில் படாமலிருக்க சாரைச் சந்து சந்தாகச் சுற்றவைத்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"இவுக யாருன்னு தெரியுதா? மாப்பிள்ளையோட அப்பா அம்மா. பொண்ணுதான் ஊர்ல இல்லையே, போட்டோவாச்சும் பாத்துட்டுப் போறோம்னு வந்தாக."

மேஜையில் என் போட்டோ. பட்டுப்புடவையில், மிகவும் நல்ல பெண்ணாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் போட்டோவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கணவரிடம் நிதானமாகச் சொன்னார்:

"எந்திரிங்க. ஒளிஞ்சு ஒளிஞ்சு போய் ஒரு மனுசன இந்த வெயில்ல சுத்த விட்டவ, நமக்கு நேரத்துக்குச் சோறு போடுவாளா?"

போய்விட்டார்கள். அவர்கள் வாங்கிவந்த ஸ்வீட் பெட்டியைத் திருப்பித் தர வழியில்லை. சார் பாதியைக் காலி செய்திருந்தார்.

"ஆமா, எந்த ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போன?" என்றார் மாமா. சொன்னேன்.

"அது மூடி ஆறு மாசமாச்சேத்தா. இப்ப அங்க செல்போன் கடைல்ல இருக்கு."

அதுவரை அடக்கியிருந்த அழுகை அப்போதுதான் வந்தது. அத்தைக்குப் போன் போட்டு மாமா டிபன் கேரியர் வரவழைத்தார். பைப் கடையிலேயே இலை போட்டுச் சாப்பிட்டோம். மட்டன் சுக்கா இல்லை, கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. சார் மூன்று முறை சாதம் வாங்கினார்.

சம்பந்தம் கலைந்தது. (நான் விரும்பியது அதுதான். கலைந்த விதம்தான் யாரிடமும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை.) அம்மா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. சாரோ மாமாவுக்கு நெருங்கிய சிநேகிதராகிவிட்டார். ரிட்டயர் ஆன பிறகும் அந்தப் பக்கம் போனால் லாட்ஜில் தங்குவதில்லை, மாமா வீடுதான். எங்கள் குடும்பத்தில் யாருக்குப் பசித்தாலும், "மூணு நிமிசம் பொறு" என்று இன்னொருவர் சொல்லாமல் இருப்பதில்லை.

அம்மா மட்டும் அதோடு விடவில்லை. நான் எந்த ஊரில் இருப்பதாகச் சொன்னாலும் வீடியோ காலில் கூப்பிட்டுச் சோதிக்கிறாள். போன மாதம் நிஜமாகவே ஆபீஸ் வேலையாக அகமதாபாத்தில் இருந்தேன். போன் வந்தது.

"அந்தத் தெருவுல ஒரு கடை போர்டக் காட்டு."

காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இது என்ன எழுத்துன்னு எனக்கு எப்படித் தெரியும்? தமிழ்ல எழுதின போர்டாப் பாத்துக் காட்டு" என்றாள்.

நான் போனைப் பிடித்தபடி தெருக்கோடி வரைக்கும் நடந்து தேடினேன்.