லாயாங் லாயாங்கில் இருவாய்ச்சி பார்த்த கதை

பெர்மாஸ் ஜெயா,
வியாழன் இரவு

அன்பும் மரியாதையும் நிறைந்த மகேஸ்வரன் மாமாவுக்கு,

உங்கள் அக்காள் மகள் ரூபினி வணங்கி எழுதுவது. இங்கே யாவரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன். 'யாவரும்' வரை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை மூடி வைத்துவிட்டேன். அங்கே உங்கள் சர்க்கரையும் அத்தையின் முழங்காலும் சொன்ன பேச்சைக் கேட்டு நடக்க வேண்டுகிறேன்.

குளுவாங் தமிழ்ப் பறவை ஆர்வலர் குழுவின் செய்தி மடலுக்கு, போன ஞாயிற்றுக்கிழமை உலாவைப் பற்றிக் கலகலப்பாக ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். மடலுக்கு ஆசிரியர் நீங்கள், எனக்குத் தாய்மாமன் வேறு. எழுதியிருக்கிறேன். அச்சில் போட முடியுமா என்று படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பேன். ஆனால் எங்கள் வீட்டில் ஃபோன் பொதுச்சொத்து. அதுவுமில்லாமல் என் மாமியார் அங்கம்மாவுக்கு அடுத்த தெருவில் பால் பொங்கினாலும் காதில் விழும். கடவுள் சில வீடுகளில் எல்லாவற்றையும் ஒரே ஆளுக்குக் கொடுத்துவிடுகிறார்.

நாங்கள் வழி மாறியதற்கு முதல் குற்றவாளி நீங்கள்தான் மாமா. குரல் பதிவில் என்ன சொன்னீர்கள்? "ஞாயித்துக்கெழம காலைல லாயாங் லாயாங் வந்துருங்கம்மா, பெருசா ஒண்ணு வந்திருக்கு, வாலே இவ்ளோ நீளம், காட்டுனா பிள்ள வாயத் தொறந்துருவான்!" பறவை என்ற சொல்லே அதில் கிடையாது. உங்களுக்கு லாயாங் லாயாங் என்றால் குளுவாங் பக்கத்து ரயிலடி ஊர். ஜோகூர் பாருவிலேயே பிறந்து வளர்ந்த என் வீட்டுக்காரருக்கு லாயாங் லாயாங் என்றால் மலாயில் பட்டம். "வாலு நீளம்னா பட்டம்தான் ரூபி, பாசிர் கூடாங்ல பெருசு பெருசா வுடுவாங்க" என்று அவர் சொன்னதும், பக்கத்தில்தானே என்ற சோம்பலில் நானும் தலையாட்டினேன். இயற்பியலில் பட்டம் வாங்கியவள் பட்டத்துக்கு ஏமாந்தேன். மே மாத வெயிலில் பாசிர் கூடாங்கில் பட்டம் விடுகிற குன்றின் மேல் எங்கள் நான்கு பேரையும் ஓர் ஐஸ்கிரீம் வண்டிக்காரரையும் தவிர ஈ காக்காய் இல்லை. நீங்கள் ஃபோனில் "எங்கம்மா நிக்கிறீங்க?" என்கிறீர்கள், நான் "குன்று மேல மாமா" என்கிறேன், நீங்கள் "இங்க ஏதும்மா குன்று, ரயில் தண்டவாளம்தான இருக்கு" என்கிறீர்கள். என் வீட்டுக்காரர் கமலநாதன் அதற்குள் ஆளுக்கொரு ஐஸ்கிரீம் வாங்க, அதில் பாதி என் பிள்ளை லினேஷின் சட்டையில் வழிந்துவிட்டது.

அங்கிருந்து நெடுஞ்சாலையில் பறந்தோம். இறங்க வேண்டிய இடத்தில், "ஒனக்கு லெஃப்ட் ரைட்டே தெரியாதுடா" என்று மாமியார் மகனைத் திட்டிக்கொண்டிருந்ததில் வெளிவழியைத் தவறவிட்டு, ஆயர் ஈத்தாம் வரை போய்விட்டோம். போனதுதான் போனோம் என்று இவர் அங்கே ஒரு பீங்கான் குருவி வாங்கினார். தண்ணீர் ஊற்றி வாலில் வாய் வைத்து ஊதினால் கிளுகிளுவென்று கூவும். காரில் ஏறியதும் லினேஷின் தலைக்குப் பின்னால் வைத்து ஒரு ஊது ஊதினார் பாருங்கள், என் கையிலிருந்த பால் புட்டி கீழே விழுந்தது. "டேய், பிள்ளைக்குக் காது சவ்வு கிழிஞ்சிரும்டா!" என்று மாமியார் கத்தினார். பிள்ளை சீட் பெல்ட்டின் பக்கிளை நக்கிக்கொண்டிருந்தான். நக்குவதை நிறுத்தவில்லை. "பாத்தியாம்மா, அசையறானா? பயமே கெடையாது. என் ரத்தம்" என்றார் இவர். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

மிச்சத்துக்கு நீங்களே சாட்சி. நாங்கள் வந்து சேர்ந்த நேரத்துக்கு, நீங்கள் சொன்ன அந்தப் பெரிய பறவை, இருவாய்ச்சி, போய்விட்டிருக்கும் என்று நினைத்தேன். அதுவும் எங்களைப் போலவே தாமதம். செம்பனைத் தோட்டத்து ஓரத்தில், அந்தப் பெரிய அத்தி மரத்தடியில், குழு மொத்தமும் பைனாகுலரும் கையுமாகக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தது. சத்தம் கூடாது என்பது உங்கள் சட்டம். இரண்டரை வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு இந்தச் சட்டத்தை எப்படிக் காப்பது என்று பையில் பிஸ்கட்டைத் தேடினேன். ஆனால் லினேஷ் தரையில் உட்கார்ந்து எறும்பைப் பார்த்தான், பிறகு மரத்தைப் பார்த்தான், வாயே திறக்கவில்லை. உணவுக்கடை ஜமால் அண்ணன் பீரங்கி மாதிரி நீண்ட கேமராவை இறக்கிவிட்டு, "தங்கச்சி, எங்க வீட்டுப் பிள்ளைங்களா இருந்தா இந்நேரம் காட்டையே கெளப்பிருக்கும்லா. எப்படி வளத்தீங்க?" என்று கேட்டார். என் மாமியார் குரலைத் தாழ்த்தாமலே, "எங்க பரம்பர அப்படி. இவங்கப்பனே நாலு வயசுலதான் வாயத் தொறந்தான்" என்றார். நீங்கள், "இவன்தான் நெசமான பறவை ஆளு" என்றீர்கள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா மாமா.

அப்போதுதான் இடப்பக்கம், தோட்டத்துக்குப் பின்னால், ஆண் இருவாய்ச்சி கூப்பிட்டது. கூப்பிட்டதா அது? சரக்கு ரயில் ஹார்ன் அடித்த மாதிரி இருந்தது. எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பியது. உங்கள் தலை, ஜமால் அண்ணன் தலை, இவர் தலை, மாமியார் தலை, கயிற்றில் கட்டிப் போட்டிருந்த யாரோ ஒருவருடைய ஆட்டின் தலைகூட. ஒரு தலை மட்டும் திரும்பவில்லை. அவன் வலப்பக்கம் அத்தி மரத்தின் உச்சியைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தான். அங்கே பெண் பறவை சத்தமில்லாமல் பழம் தின்றுகொண்டிருந்தது. "அலமாக்! அங்க பாருங்க, ஜோடி! நம்ம எல்லாரையும் முந்திட்டான் பையன்!" என்று ஜமால் அண்ணன் கத்த, கேமராக்கள் படபடக்க, நீங்கள் பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக் குழுவின் தொப்பியைப் பரிசாக மாட்டிவிட்டீர்கள். தொப்பி பெரிது, காது வரை இறங்கிவிட்டது. எல்லாரும் கை தட்டினீர்கள். ஆண் பறவை இரண்டாம் தடவை கூப்பிட்டது, மூன்றாம் தடவை கூப்பிட்டது. நான் என் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரிய பறவை என்றீர்கள். நான் அதைப் பார்க்கவே இல்லை மாமா. அலகு மேல் இருக்கிற கொம்பு என்ன நிறம் என்று கேட்காதீர்கள்.

அன்றிலிருந்து வீட்டில் நான் பாத்திரம் போட்டு உடைக்கிறேன். அவன் முதுகுக்குப் பின்னால் குக்கர் மூடி, எவர்சில்வர் தட்டு, ஒரு நாள் கல்சட்டி. மாமியார் ஒவ்வொரு தடவையும் ஓடி வந்து, "ஒனக்கென்னம்மா கையில பலமே இல்லியா?" என்கிறார். பிள்ளை வருவதில்லை. பேர் சொன்னால் திரும்புகிறானா என்று போன தடவை கிளினிக்கில் நர்ஸ் கேட்டபோது, "திரும்பாம என்ன, நல்லாத் திரும்புவான்" என்று மாமியார்தான் பதில் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. கூப்பிடும்போது அவர் பலகைத் தரையில் காலைத் தட்டிக்கொண்டே கூப்பிடுவார். அவன் தரை அதிர்வதற்குத் திரும்புகிறான். கதவு திறந்தால் திரும்புகிறான், சுவரில் வெளிச்சம் விழுவதால். ஒலி அலைகளைப் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான்.

இவரிடம் சொன்னேன். "பிள்ளைய நோயாளி ஆக்காத ரூபி. மாமாவே எழுதிட்டாரு, பாக்கலியா?" என்று ஃபோனைக் காட்டினார். 'கண்ணும் காதும் கூர்மையான குட்டிப் பறவையாளர் லினேஷ்' என்று மடலில் வரப்போகும் படக்குறிப்பை வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்டதை அவர் ஸ்டேட்டஸாக வைத்திருக்கிறார். மாமியார் கோயிலில் எல்லாருக்கும் காட்டிவிட்டார். நான் வாயைத் திறந்தால் அதைத்தான் காட்டுகிறார்கள்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். மடலில் அவன் பேரே வேண்டாம், எடுத்துவிடுங்கள். இன்னொன்று, செவ்வாய்க்கிழமை காலையில் மருத்துவமனையில் காது பரிசோதனைக்கு நாள் வாங்கியிருக்கிறேன். இவர் விடியுமுன் சிங்கப்பூர் வேலைக்குப் போய்விடுவார். பிள்ளையின் காலுக்குச் சப்பாத்து வாங்கப் போகிறோம் என்று மாமியாரிடம் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் காரோடு வந்தால் போதும். இவருக்கு மட்டும் தெரியக் கூடாது.

அத்தைக்கு என் வணக்கம். குழுவினர் எல்லாரும் நோய்நொடியில்லாமல் இருக்கட்டும், தேடிப் போகிற பறவையெல்லாம் உங்களுக்குத் தாழ்ந்த கிளையிலேயே வந்து உட்காரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகள்
ரூபினி

பி.கு.: வெள்ளிக்கிழமை காலை. இன்று இவருக்கு விடுமுறை என்பதை மறந்து கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டேன். படித்துவிட்டார். பீங்கான் குருவியில் தண்ணீர் ஊற்றி, ஜன்னலோரம் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையின் பின்னால் நின்று ஊதினார். லினேஷ் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தான். "பாத்தியா! பாத்தியா ரூபி, திரும்புறான்!" என்று இவர் குதித்தார். மாமியார் கை தட்டினார். வெளியே துணிக்கொடியில் உட்கார்ந்திருந்த மைனாக்கள் சத்தத்துக்கு மிரண்டு மொத்தமாகப் பறந்திருந்தன. "இன்னொரு தடவ ஊதுங்க" என்றேன். கொடியில் இப்போது ஒரு மைனாவும் இல்லை. ஊதினார். தண்ணீர் தீர்கிறவரை ஊதினார். பிள்ளை வானத்தில் மைனாக்களைத் தேடிக்கொண்டிருந்தான்.

பிறகு இவர் குருவியைக் கீழே வைத்துவிட்டு, "பாஸ், செவ்வாய்க்கெழம லீவு வேணும்... இல்ல, எனக்கில்ல, பிள்ளைக்கு" என்று வேலையிடத்துக்கு ஃபோனில் பேசினார். மாமியார் உள்ளே போய்க் காலைத் தட்டாமல் அவனைக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே கார் வேண்டாம் மாமா, ஆனாலும் வாங்க. அவன் பேரையும் எடுக்க வேண்டாம். படக்குறிப்பில் 'காதும்' என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள். கண் இருக்கட்டும்.