பேர் விழுந்த ஒன்பது நாள்

செல்லச்சாமிக்கு வர வேண்டியது நாலாயிரத்து ஐம்பது ரூபாய். நாளுக்கு நானூற்றைம்பது வீதம் ஒன்பது நாள் கூலி. அதை வாங்கத்தான் ஆற்றங்கரைச் சந்தையின் திறப்பு நாளில் வந்திருந்தான். வாசலிலேயே அவனிடம் இருபது ரூபாய் கேட்டார்கள்.

"டிக்கட் இல்லாம உள்ள விட ஏலாது" என்றான் வாசல்காரன்.

"எனக்கு எதுக்கு டிக்கட்? நீ சாஞ்சுக்கிட்டு நிக்கிற தூண் இருக்கே, அதுக்கு அடியில கெடக்குற கல்லு நான் சுமந்தது."

"அப்ப கல்லுக்கு டிக்கட் வேணாம். ஒங்களுக்கு வேணும்."

பின்னால் வரிசை நெருக்கியது. பைகளைச் சோதித்துக்கொண்டிருந்த ஊர்காவல் படைக்காரன் தலையை நிமிர்த்திப் பார்த்தான். அது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, யுத்த காலம். அந்த ஆண்டில் அப்படி ஒருவன் நிமிர்ந்து பார்த்தால் செல்லச்சாமி மாதிரி ஆட்கள் வாயை மூடிக்கொள்வது வழக்கம். அடையாள அட்டையைக் காட்டினான். தலைத்துண்டை உதறிக் காட்டினான். இருபது ரூபாயையும் கொடுத்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனான்.

காலையில் பெண்டாட்டி இரத்தினம்மா சொன்னது இன்னும் காதுக்குள் நின்றது. உக்குவளையில் அவர்கள் இருந்த தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டுக் கூரைக்கு நாலு தகரம் மாற்ற வேண்டும். கடைக்காரன் நாலாயிரம் சொல்லியிருந்தான்.

"தகரத்தோட வந்தா கதவத் தொறப்பேன். வெறுங்கையோட வந்தா ஆத்தங்கரையிலயே படுத்துக்கங்க. வீட்டுக்குள்ளயும் மழைதான், வெளியவும் மழைதான். ஒங்களுக்கு என்ன வித்தியாசம் தெரியப்போவுது?"

சுது கங்கையின் ஓரத்தில் ஒரு பக்கம் மிளகு, கராம்பு, அச்சாறுக் கடைகள். மறுபக்கத்துக்குக் 'கலை வீதி' என்று பெயர் வைத்திருந்தார்கள். படம் வரைகிறவர்கள், முகமூடி செதுக்குகிறவர்கள், பத்திக் துணி விரித்துத் தொங்கவிட்டவர்கள். நடுவில் ஆற்றுக்குள் இறங்கும் கற்படிகள், பதினெட்டு. அவற்றைப் பார்த்த மாத்திரத்தில் செல்லச்சாமிக்கு முதுகு வலித்தது.

படிகளுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய குடை. அதன் கீழே சந்தைக் குழுவின் செயலாளர் விஜயரத்தினம், பேரேட்டை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தார். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். சொந்த ஊர் யாழ்ப்பாணம்.

"ஐயா, என் பேரு இருக்கான்னு கொஞ்சம் பாருங்க."

விஜயரத்தினம் புரட்டிப் பார்த்தார். "இருக்கு. செல்லச்சாமி. ஒன்பது நாளும் இருக்கு."

"அப்ப காசக் குடுங்க."

"என்ன காசு?"

"சம்பளக் காசுங்க."

விஜயரத்தினம் கண்ணாடியைக் கழற்றினார். "இது சிரமதானமெல்லோ. இஞ்ச ஆரும் காசுக்கு வரேல்லை. மனம் விரும்பி வந்து கல்லுத் தூக்கினவை."

"அப்ப என் பேர என்னாத்துக்கு எழுதுனீங்க?"

"நன்றி சொல்லத்தான்."

செல்லச்சாமி பிறந்து வளர்ந்த தோட்டத்தில், நன்றி சொல்வதற்காக யாரும் யாருடைய பெயரையும் எழுதியதில்லை. கணக்கப்பிள்ளை பேர் போட்டால் அன்றைக்குச் சம்பளம் உண்டு. பிந்தி வந்தால் அரைப் பேர். பேர் விழாவிட்டால் மாடாக உழைத்தாலும் சதம் கிடையாது. விழுந்த பேருக்குக் காசு மாதம் முடிந்துதான் வரும். அதற்கு முன்னால் கேட்பது மரியாதையில்லை. வேலை தேடி இந்தக் கரைக்கு வந்த அன்று ஒரு கூட்டம் கல் சுமந்துகொண்டிருந்தது. இவனும் சுமந்தான். பணிசும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அதற்கு மேல் ஒரு மனிதன் என்ன விசாரிப்பான்?

"மற்றவை ஒரு நாள் விடிய வந்து, படம் எடுத்துப்போட்டுப் போயிட்டினம்" என்றார் விஜயரத்தினம். "நீர் ஒராள்தான் ஒன்பது நாளும் வந்தனீர். உம்மை மாதிரிச் சேவை மனப்பான்மை..."

"சேவையாவது மண்ணாங்கட்டியாவது! என் வீடு ஒழுவுதுங்க!"

"சத்தம் போடாதேயும். தலைவர் மிளகுக் கடையில நிக்கிறார். போய்ப் பாரும், ஏதும் செய்வார்."

தலைவர் அப்துல் ஸமத் ஹாஜியார் மிளகு வியாபாரி. பெயரைச் சொன்னதும் செல்லச்சாமியை மூச்சு முட்டக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானா அந்த ஒம்பது நாள் மனுசன்! தம்பி, எல்லாக் கூட்டத்திலயும் ஒங்களப் பத்தித்தான் பேசுறேன். ஒங்களுக்கு ஒண்டும் செய்யாம விட ஏலுமா? இந்தாங்க, இதுல ஒரு ஒப்பம் வைங்க."

செல்லச்சாமியின் நெஞ்சு குளிர்ந்தது. தாள் முழுக்கச் சிங்களம். சிங்களம் அவனுக்குப் பேச வரும், வாசிக்க வராது. தமிழெழுத்தே நாற்பது வயதில் ஞாயிற்றுக்கிழமை முதியோர் வகுப்பில் படித்ததுதான். அதனால் கையெழுத்தில் அவன் சிக்கனம் பார்ப்பதில்லை. தகப்பன் பெயரோடு சேர்த்து, நாக்கைக் கடைவாயில் துருத்திக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக எழுதி முடித்தான். ஹாஜியார் பொறுமையாகக் காத்திருந்தார்.

"காசு எப்பங்க வரும்?"

"ஒண்டும் அவசரமில்ல தம்பி. வசதிப்பட்ட நேரம் குடுங்க. ஐநூறு ரூவாதானே."

"நான் குடுக்குறதா?"

"சந்தா, தம்பி. ஒங்கள ஆயுள் உறுப்பினராச் சேத்தாச்சு!"

செல்லச்சாமிக்குக் காது அடைத்தது. ஒன்பது நாள் முதுகை ஒடித்தவன், இப்போது ஐநூறு ரூபாய் கடன்காரன். திரும்பி நடந்தான். படிகளின் உச்சியில் போய் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றான்.

"ஒருத்தரும் எறங்கக் கூடாது! இது நான் கட்டுன படி! ஒம்பது நாள் கூலியக் கீழ வச்சிட்டு எறங்குங்க!"

இறங்க வந்த ஒரு குடும்பம் நின்றது. பின்னால் வந்தவர்களும் நின்றார்கள்.

"ஆ, மூணு மணி நாடகம் தொடங்கிட்டாங்க" என்றது ஒரு குரல். "பிள்ளைகளா, முன்னுக்குப் போய் இருங்க."

"நாடகமா? யாருடா அவன்? என் வயித்தெரிச்சல் ஒனக்கு நாடகமா?"

கை தட்டினார்கள்.

"கை தட்டாதீங்க! எனக்குக் கோவம் வருது!"

இன்னும் பலமாகத் தட்டினார்கள். செல்லச்சாமிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. உண்மையை விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தான். எந்தக் கல் எந்தத் தோளில் ஏறியது, எந்தக் கல் மழையில் வழுக்கியது என்று தொடங்கினான்.

"ஏழாவது படியப் பாருங்க! அது என் நகத்தத் தின்ன படி!" என்று பெருவிரலைத் தூக்கிக் காட்டினான்.

"நல்லா மேக்கப் போட்டிருக்காங்க" என்றான் ஒருவன். முகமூடிக்காரன் உளியைப் போட்டுவிட்டு வந்து நின்றான். படம் வரைகிறவன் பெருவிரலை மட்டும் தனியாக வரைந்துகொண்டான்.

சில்லறை வந்து விழுந்தது.

செல்லச்சாமி அதை அள்ளி ஆற்றில் எறிந்தான். "நான் பிச்சைக்கு வரல்ல! கூலி கேட்டு வந்தேன்!"

கூட்டம் எழுந்து ஆரவாரித்தது. இந்தத் தடவை நோட்டுகள் வந்தன. அதே வீறாப்பில் அவற்றையும் எறிந்தான். ஒரு நூறு ரூபாய் நோட்டு தண்ணீரில் மெல்ல மிதந்து போவதைக் கண்டதும் அவனுக்கே தாங்கவில்லை. அழுதுவிட்டான். அதற்கும் தட்டினார்கள்.

அவன் படியில் உட்கார்ந்தபோது விஜயரத்தினம் ஒரு தாளோடு வந்து பக்கத்தில் குனிந்தார்.

"வவுனியாவில இருந்து வரவேண்டிய நாடகக்காரரை வாற வழியில நாலந்தாவுக்கு அங்கால ஆமிக்காரர் மறிச்சு வைச்சிருக்கிறாங்களாம். நடிக்கக் கொண்டுவந்த மரத் துவக்கால வந்த வினை. அவைக்கு ஒதுக்கின ஐயாயிரம் என்னட்ட இருக்கு. நீர் எடும்."

"நாடகக் காசு எனக்கு வேணாம். என் கூலி நாலாயிரத்து அம்பதக் குடுங்க."

"கூலிக்குச் செலவுத் தலைப்பு இல்லைக் காணும். நாடகத்துக்குத்தான் இருக்கு. மாத்தி எழுதினால் கணக்காய்வுக்காரன் என்னைத் திண்டுபோடுவான்."

"அப்ப மிச்சத்தத் திருப்பித் தாறேன்."

"திருப்பி வாங்கவும் தலைப்பு இல்லை."

"சந்தாவக் கழிச்சிடுங்க!" என்றார் ஹாஜியார், பின்னாலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே.

செல்லச்சாமி மேலே பார்த்தான். ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் மேகம் கறுத்திருந்தது. தகரக் கடை ஐந்து மணிக்குப் பூட்டிவிடும். பேனாவை வாங்கி, தகப்பன் பெயரோடு சேர்த்துக் கையெழுத்துப் போட்டான். விஜயரத்தினம் நாலாயிரத்து ஐநூறை எண்ணிக் கொடுத்தார். பிறகு பேரேட்டைத் திறந்து, அந்த ஒன்பது நாளுக்கும் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்து, 'சிரமதானம், நன்றியுடன்' என்று எழுதினார்.

"சரி. இனி ஒரு பாக்கியும் இல்லை."

காசு மடியில் இருந்தது. கோபம் மட்டும் போன பாடில்லை. வாசலை நோக்கி விறுவிறுவென்று நடந்தவனை, கடைசிக் கடையில் அச்சாறு விற்றுக்கொண்டிருந்த மஸீனா கூப்பிட்டு நிறுத்தினாள். அழுதழுது அவள் கண் சிவந்திருந்தது. ஐம்பது ரூபாய் நோட்டு ஒன்றை அவன் கைக்குள் வைத்து மூடினாள்.

"அண்ணன், நடிப்பெண்டு தெரிஞ்சும் மனசு கேக்கல்ல. அந்தப் படிக்கு நெசமாவே கல்லுச் சுமந்த மனுசன் எங்கயாச்சும் இருப்பான்தானே, அவனக் கண்டா இதக் குடுத்துடுங்க. பாவம், அவனுக்கு ஒருத்தரும் ஒரு சதம் குடுத்திருக்க மாட்டாங்க."