மூடி வைத்த ஜெனரேட்டரை இரவல் கேட்ட மச்சானுக்கு

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிய பாக்கியவான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அவளும் அவள் கோழிகளும் நலம். அங்கே அக்காவின் முழங்கால் வலி தேவலையா என்று அறிய ஆவல்.

மாடியில் அறை கட்டும் வேலைக்கு எங்கள் ஜெனரேட்டரை இரவல் கேட்டிருந்தீர்கள். தருவதற்கில்லை. கோபிக்காமல் காரணத்தைக் கேளுங்கள். மழைக்காலம் முடிந்ததும் அதை ஓரமாகத் தள்ளி ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடினால் போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அடுத்த மழையில், குஞ்சு பொரிக்கும் பெட்டி நிறைய முட்டை இருக்கும்போது கரண்ட் போனது. கயிற்றை இழுத்தேன், இழுத்தேன், என் தோள்பட்டைதான் கழன்றது. இயந்திரம் ஒரு இருமல்கூட இருமவில்லை. மாதக்கணக்கில் உள்ளே கிடந்த பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரை அடைத்துவிட்டதாம், பிறகு வந்து சரிசெய்த மெக்கானிக் சொன்னார். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். உங்கள் தங்கையோ பெட்டிக்குள் வெந்நீர் பாட்டில்களை அடுக்கி, கம்பளியைச் சுற்றி, ஆறிய பாட்டிலை மாற்றி மாற்றி வைத்து, பிரசவத்துக்குத் துணையிருப்பவள் போல அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கடைசியில் ஒரு முட்டைக்குள்ளிருந்து 'கீச்' என்று சத்தம். "ஏங்க, கேட்டுச்சா?" என்று என் கையைப் பிடித்தாள் பாருங்கள், அந்தப் பிடி இன்னும் வலிக்கிறது. சந்தோஷமாகத்தான் வலிக்கிறது, மச்சான்.

இந்த வருஷம் மழை ஓய்ந்ததும் அவளே களத்தில் இறங்கினாள். டாங்கிலிருந்த பெட்ரோலைக் கேனில் வடித்து என் ஸ்கூட்டருக்குத் தந்தாள். குழாயில் மிச்சமிருந்தது தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டாள். அது விக்கி விக்கித் தானே நின்றது. ஆயிலை மாற்றினாள். எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் சில சொட்டு ஆயில் விட்டு, "கயித்த மெதுவா இழுங்க, உள்ள பூராவும் எண்ணெய் பரவணும்" என்றாள். 'மெதுவா' காதில் ஏறுவதற்குள், போன வருஷத்துக் கோபத்தையெல்லாம் சேர்த்து ஒரே இழுப்பா இழுத்துட்டேன். ஆயில் பீய்ச்சியடிச்சு வெள்ளைச் சட்டை, மூக்குக்கண்ணாடி, மீசை எல்லாம் குளிச்சாச்சு! "நல்லதாப் போச்சு, இனிமே உங்களுக்கும் துரு பிடிக்காது" என்று துணியை நீட்டினாள். சரி, ஈரம் படாமல் அடுப்படியில் வைக்கலாமே என்றேன். "பெட்ரோலுக்கும் நெருப்புக்கும் சம்பந்தம் பேசுறீங்களா?" என்றாள். பின்கட்டு அறையில் பலகை போட்டு அதன்மேல் ஏற்றினாள். என் பிளாஸ்டிக் தாளைத் தூக்கி எறிந்துவிட்டு, "இதுல வேர்த்துப் போயிடும், துணின்னா மூச்சு விடும்" என்று பருத்திப் போர்வையைப் போர்த்தினாள். எனக்குக் காய்ச்சல் வந்தப்பகூட இப்படிப் போர்த்தினதில்லை, மச்சான்! இப்பேர்ப்பட்ட கைப்பக்குவத்தை எப்படிக் கலைப்பது, நீங்களே சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும். நீங்கள் தொட்ட காரியமெல்லாம், எங்கள் ஜெனரேட்டர் இல்லாமலே, துலங்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அவள் படித்துவிட்டாள். "எங்கண்ணன் கேட்டு இல்லேன்னு எழுதுவீங்களா?" என்று போர்வையை உருவி, ஜெனரேட்டரை வேனில் ஏற்றிவிட்டாள். அதைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை என்று தானும் ஏறிக்கொண்டாள். "எப்ப வருவே?" என்றேன். "வேலை முடிஞ்சு, அதைப் பழையபடி மூடி வச்சதும்" என்றாள். ஆகவே அறையைச் சின்னதாகக் கட்டவும். இரண்டு பேரையும் சேர்த்து அனுப்ப வண்டியில் இடமில்லை என்றால், ஜெனரேட்டர் மெதுவாக வரட்டும்.