பிரேக்கில் புகுந்த காற்று

என் வேனுக்கு நானே பிரேக் ஆயில் மாற்றுவது என்று அன்று காலை பல் விளக்கும்போதே முடிவெடுத்துவிட்டேன். இருபது வருஷமாக போட் இஞ்சினைப் பிரித்து மாட்டுகிற தாமோதரன் நான். லைட்ஹவுஸ் குப்பத்தில் எந்த இஞ்சின் இருமினாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அடுத்து மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள், அது வேறு விஷயம்.

வேன் வாங்கி எட்டு மாதம். செகண்ட் ஹேண்ட்தான், ஆனால் ஏபிஎஸ் உள்ளது. சடாரென்று பிரேக் அடித்தால் சக்கரம் இறுகி வழுக்காமல் அதுவாகவே விட்டுவிட்டுப் பிடிக்கும். சாவி என் இடுப்புக் கயிற்றில் தொங்கும். நான் கடலுக்குப் போனால் சாவியும் கடலுக்கு வரும். வேன் வாசலில் நிற்கும். என் மனைவி தேவகி பொன்னேரிச் சந்தைக்குப் போக நண்டுக் கூடையோடு ஷேர் ஆட்டோவுக்கு நிற்பாள். "சாவியை வச்சிட்டுப் போ மாமா, நானே ஓட்டக் கத்துக்கறேன்" என்று எட்டு மாதமாகக் கேட்கிறாள். எனக்கு மனசு வரவில்லை. சாவி தொங்குகிற இடுப்புக்குக் குப்பத்தில் தனி மரியாதை. இதில் மறைக்க என்ன இருக்கிறது.

போன வாரத்திலிருந்து பெடல் பஞ்சாக அமுங்கியது. வேனை ஒரு நாள் விட்டுப் போகச் சொன்னான் பொன்னேரி மெக்கானிக். விடுவேனா? போனில் ஏழு நிமிஷம், ஆயில் மாற்றிக் காற்றெடுக்கிற வீடியோ பார்த்தேன். அதில் இருந்தது ஏபிஎஸ் இல்லாத பழைய கார். பிரேக் பிரேக்தானே.

பெடலை அமுக்க ஓர் ஆள் வேண்டும்.

"தேவகி, சீட்டுல ஏறி உக்காரு."

"இன்னா மாமா, இன்னிக்காவது டிரைவர் சீட்டா?"

"பெடல் அமுக்க மட்டும்."

"இதுல ஏபிஎஸ் கீதே. அதுக்குள்ள காத்து போயிட்டா கம்ப்யூட்டர் மாட்டித்தான் எடுக்கணுமாமே?"

"யாரு சொன்னது?"

"சொல்றாங்க."

"கம்ப்யூட்டர் வச்சிருக்கிறவன் சொல்லுவான். போட்ல பெட்ரோல் ஓஸ்ல காத்து புகுந்தா இன்னா பண்றோம்? ரப்பர் பம்பை அமுக்கறோம். கல்லு மாதிரி ஆனதும் இஞ்சின் ஸ்டார்ட். அவ்ளோதான் மேட்டரு."

"சரி, நீயே பண்ணிட்டா?"

"அப்புறம் சாவின்ற பேச்சே நீ எடுக்கக்கூடாது."

"பண்ணலைன்னா சாவி எனக்கு."

"எடுத்துக்கோ."

எதிர்வீட்டு வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்த நாகப்பன் அண்ணன் தலை நிமிராமல், "நான் சாட்சி" என்றார்.

தேவகி ஓர் அன்னக்கூடை இறாலோடு சீட்டில் ஏறினாள். கை இறால் உரித்தது, கால் பெடல் அமுக்கியது. நான் சக்கரத்தடியில் படுத்து ஆணை பிறப்பித்தேன். அமுக்கு. பிடிச்சுக்கோ. விடு. முதல் சக்கரம் ராஜநடை. இரண்டாவதில் ஆயில் விடுகிற நிப்பிள் உப்புக்காற்றில் துருப்பிடித்து அசையவில்லை. அரை மணி நேரம் மல்லுக்கட்டிய ஆவேசத்தில், மேலே பிரேக் ஆயில் ஊற்றுகிற கப் காலியானதை நான் பார்க்கவில்லை.

"மாமா, காலு கீழ போவுது."

"போவும்."

"தரையைத் தொடுது."

"தொடும். கம்முனு அமுக்கு."

அப்புறம் கப்பை நிரப்பினேன். நாலு சக்கரமும் ஒரு சுற்று. மறுபடி ஒரு சுற்று. நிப்பிளில் மாட்டிய ட்யூபில் குமிழி வருவது நின்றது. பெடல் மட்டும் பஞ்சாகவே இருந்தது. காலிக் கப் வழியாகப் புகுந்த காற்று ஏபிஎஸ் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். தேவகி நடுவில் யாருக்கோ போன் பேசினாள். உரித்த இறாலை அலச உள்ளே போனாள்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. சீட்டில் ஏறினேன். பெடலைப் பத்து முறை படபடவென்று அமுக்கினேன். கல். போட் பம்பு அளவுக்குக் கல்.

"அண்ணே, ஓடியா. அமுக்கிப் பாரு."

நாகப்பன் அண்ணன் காலை வைத்துப் பார்த்தார். "கல்லுடா தாமு. சாவி உனக்குத்தான்."

தேவகி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஒரு சண்டையும் இல்லை. "நீ ஜெயிச்சுட்ட மாமா" என்றாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. திரும்ப உள்ளே போனவள் புடவை மாற்றி, நண்டுக் கூடையோடு வந்து என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். பெல்ட்டையும் மாட்டினாள்.

"வுடு, பொன்னேரிக்கு."

"இப்பவேவா?"

"நண்டு செத்துப்பூடும்."

"வெயில் தாழட்டுமே. இஞ்சின் சூடு."

"காலைலேர்ந்து இஞ்சினே போடலியே."

சாவியைத் துவாரத்தில் வைத்தேன். பொன்னேரி வழியில் இருக்கிற ஏரிப் பாலத்துச் சரிவு கண்ணுக்குள் வந்தது. சரிவு இறங்கினால் ஆடு, ஆட்டோ, பள்ளிக்கூடப் பிள்ளைகள். காலை மெதுவாகப் பெடலில் வைத்தேன். அது சாவகாசமாகக் கீழே போனது. தேவகி நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேவகி, எறங்கு."

"ஏன்?"

"பிரேக்கை நம்ப முடியாது. பத்து தடவை அமுக்கி அமுக்கிக் கல்லாக்கினேன். உன்னை ஏத்திக்கினு ஓட்ட எனக்கு தைரியம் இல்ல."

"அந்தத் தைரியம் வந்திருந்தாத்தான் கோச்சுக்கினு இருப்பேன்." அவள் உள்ளங்கையை நீட்டினாள். "காலைலேர்ந்து அமுக்குனது என் காலு மாமா. அதுக்குத் தெரியாதா?"

சாவியை உருவி, இடுப்புக் கயிற்றையும் அவிழ்த்து, இரண்டையும் அவள் கையில் வைத்தேன். நாகப்பன் அண்ணன் தொண்டையைச் செருமினார். இடுப்பு அநியாயத்துக்கு லேசாக இருந்தது.

பத்தே நிமிஷத்தில் பைக்கில் ஒருவன் வந்து இறங்கினான். விமல், அதே பொன்னேரி மெக்கானிக். பையில் கம்ப்யூட்டர். தேவகி நடுவில் பேசிய போன் இவனுக்குத்தான். வேனில் ஒயரைச் சொருகி என்னவோ தட்டினான். ஏபிஎஸ் பெட்டி டர்ரென்று உறுமியது. நான் சாகடித்ததாக நினைத்த குமிழிகள் ட்யூபில் வரிசையாக வந்தன. அரை மணி நேரத்தில் ஒரே அமுக்கில் பெடல் கல்லாக நின்றது.

"அக்கா, குப்பத்துக்குள்ள மெதுவா ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க."

"அவளுக்கு ஓட்டத் தெரியாதுப்பா" என்றேன், பெருந்தன்மையாக.

"எங்க தெருவுலதான் டிரைவிங் ஸ்கூலு. அக்கா லைசென்ஸ் வாங்கி ரெண்டு மாசம் ஆவுதே."

நான் தேவகியைப் பார்த்தேன். "எப்போ கத்துக்கின?"

"சாவியோட நீ கடலுக்குப் போனப்ப."

வேன் ஒரே திருப்பில் சந்திலிருந்து வெளியேறி, கோயில் வரை போய், பிரேக் போட்டு, திரும்பி வந்து என் கால் விரலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. நான் முன் கதவைத் திறந்தேன். முன் சீட்டில் நண்டுக் கூடைக்கு பெல்ட் போட்டிருந்தது.

"அது எறங்காது மாமா. நீ பின்னாடி ஏறு."

ஏறினேன். பின்பக்கத் தள்ளு கதவும் உப்புக்காற்றில் துருப்பிடித்தது, சாத்த மாட்டேன் என்றது. கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தேவகி ஆணை பிறப்பித்தாள்.

"இழு. பிடிச்சுக்கோ. ம், இப்ப விடு."

விட்டேன்.