ஈரத்தலையர் முழுகிய சாவுகள்

திருப்பூரிலேயே அதிகச் சாவுகளுக்குத் தலை முழுகியவர் எங்கள் இஸ்திரி மாஸ்டர்தான். சுடுகாட்டை ஒட்டிக் குடியிருந்தவர்கள்கூட அவரிடம் தோற்றுப்போவார்கள். இத்தனைக்கும் அவர் முழுகியதில் முக்கால்வாசிப் பேர் பிறந்ததே கிடையாது. எல்லாம் நாவலில் செத்தவர்கள்.

அறுபதுகளில் எங்கள் ஊர் ராயபுரத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் அவர் இஸ்திரி போட்டார். பக்கத்து மேசையில் நான் மடித்துக் கட்டினேன். பங்காளிகள் வீட்டிலிருந்து சாவு சேதி வந்தால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் அடுத்த வேலை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவர் அதைப் புத்தகத்துக்கும் நீட்டிவிட்டார். முந்தின நாள் படித்ததில் யாராவது போயிருந்தால், காலையில் குடுமி சொட்டச் சொட்ட வந்து கரி போட்ட இஸ்திரிப்பெட்டி முன்னால் நிற்பார். சூட்டில் தலையிலிருந்து ஆவி கிளம்பும். இட்லிக் குண்டானைத் திறந்த மாதிரி இருக்கும். ஈரத்தலையர் என்ற பெயர் அப்படி வந்ததுதான். சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கே மறந்துபோயிற்று.

ஒரு நாள் சூப்பர்வைசரிடம் போய் நின்றார்.

"அரை நாள் லீவு வேணுமுங்க."

"ஏனுங்க, என்ன சமாச்சாரம்?"

"எழவுங்க. மூத்த மருமக கெணத்துல உழுந்துட்டா."

"உங்களுக்குக் கொழந்தையே இல்லீங்களே. மருமக எங்கிருந்து வந்தா?"

"படிக்கிற பொஸ்தகத்துலீங்க."

"அவ என்ன உங்க பங்காளி ஊட்டுப் பொண்ணுங்களா, நீங்க முழுகறதுக்கு?"

"ஒரு மாசமா அவங்க ஊட்டுலதானுங்க இருந்தேன்."

சூப்பர்வைசர் லீவைக் கொடுத்துவிட்டார்.

நூலகத்தில் யாரும் தொடாத தடித்தடி நாவல்களாகப் பார்த்து எடுப்பார். துப்பறியும் கதையை நீட்டினால், "இதெல்லாம் மோராட்டம் எறங்கிப் போயிருமுங்க. தொண்டையில கொஞ்ச நாளு நிக்கோணும்" என்பார். முற்றுப்புள்ளியே இல்லாமல் பக்கம் பக்கமாக ஓடிய நாவல் ஒன்றை மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்து, கண் இருட்டி விழுந்திருக்கிறார். தண்ணீர் தெளித்து எழுப்பினால், "எழுதுனவன் நிறுத்தற எடத்துலதான கண்ணு நாம மூச்சு உடோணும்?" என்றார்.

கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் சேர்த்துவைத்து வாழ்த்துகிற நாவல்கள் மட்டும் அவருக்கு ஆகாது. "இஸ்திரி போட்டு ஏமாத்திட்டான். அமுக்குனாச் சுருக்கம் எங்க போயிரும்? ஒருக்காத் தொவச்சா மறுக்கா வந்துரும்." அப்படிப்பட்ட புத்தகத்தை வீட்டுக்குள் சேர்க்க மாட்டார். நூலகம் திறக்கும்வரை அது வாசலில் கொய்யா மரத்துக் கவட்டையில் உட்கார்ந்திருக்கும்.

மனைவி செல்லாத்தாக்காவுக்குப் பஞ்சரைக்கும் ஃபேக்டரியில் வேலை. அக்காவுக்கு எழுத்து தெரியாது. சாயந்திரம் அவர் வாசிப்பார், அக்கா அடுப்படியில் இருந்தபடி கேட்பார். ஒரு சமயம் அவர் போர்க்கதை ஒன்றை எடுத்துவந்துவிட, அக்கா என்னிடம் முறையிட்டார்.

"நீங்களே சொல்லுங்க தம்பி. நாலு தெரு தாண்டிக் கொடம் தூக்கறேன். இந்த மனுசன் ரெண்டு பக்கத்துக்கு ஒருக்கா முழுகறாரு. பட்டாளமே சாகட்டும், மொத்தமாச் சேத்து ஒருக்கா முழுகுங்கன்னாக் கேக்க மாட்டேங்கறாரு."

"அதெப்படி, ஆளாளுக்கு அம்மா அப்பன் இருக்காங்கல்ல" என்றார் அவர்.

அக்கா வாயில் திட்டு ஓயவில்லை. கை மட்டும் முந்தானையால் அவர் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தது.

பஞ்சுத் தூசியோ என்னவோ, அக்காவுக்கு இருமல் வந்தது. பிறகு இருமலில் ரத்தம் வந்தது. டி.பி. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அப்போது பாதியில் நின்ற நாவலிலும் ஒரு பெண் இருமிக்கொண்டு படுத்திருந்தாள். இவர் புத்தகத்தை மூடிவைத்தார், அக்கா விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகும்போதெல்லாம் புத்தகமும் கூடவே போயிற்று.

"அந்தப் புள்ள எந்திரிச்சு நடமாடிட்டான்னா நானும் ஊட்டுக்கு வந்துருவேன் பாருங்க" என்று அக்கா சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் கம்பெனியில் பனியன்கள் கருக ஆரம்பித்தன.

மார்கழியில் ஒரு ஞாயிறு நானும் அவரோடு போனேன். பஸ்ஸுக்கு நின்றவரின் குடுமி சொட்டிக்கொண்டிருந்தது. கரிப்பெட்டிச் சூடு இல்லாத நாள் என்பதால் காயவும் இல்லை. அவராகவே சொன்னார்.

"நேத்து முடிச்சுட்டேன் கண்ணு. அங்க வந்து வாயத் தொறந்துராதீங்க."

கட்டிலோரம் உட்கார்ந்து கடைசிப் பக்கத்தை விரித்து வாசித்தார். அந்தப் பெண் விடியற்காலையில் எழுந்தாள், வாசல் தெளித்தாள், கன்றுக்குட்டியை அவிழ்த்துவிட்டாள், மாமியார் கையால் ஒரு டம்ளர் காப்பி வாங்கிக் குடித்தாள். அவருக்குப் பின்னால் நின்ற எனக்குப் பக்கம் நன்றாகத் தெரிந்தது. அதில் கன்றுக்குட்டியும் இல்லை, காப்பியும் இல்லை. சுருக்கத்தை அமுக்கியவர்களை வாழ்நாளெல்லாம் திட்டிய மனிதர், வரிவரியாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் கையை நீட்டி அவர் குடுமியைத் தொட்டார்.

"தல ஈரமா இருக்குதுங்க."

அவர் புத்தகத்தை மூடினார். "வர்ற வழியில மழை."

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே சுள்ளென்று வெயில். பிறகு என்னைப் பார்த்தார்.

"மழைங்களா தம்பி?"

"நல்ல மழைங்கக்கா."

"பேயட்டும். கொளம் குட்டையெல்லாம் காஞ்சு கெடக்குது" என்று சொல்லி, முந்தானையை இழுத்து அவர் தலையைத் துவட்ட ஆரம்பித்தார். கையில் வலு இல்லை. அவர்தான் தலையைத் தாழ்த்தித் தாழ்த்திக் கொடுத்தார்.

பொங்கலுக்கு முன்னாலேயே அக்கா போய்விட்டார்.

அதற்கப்புறமும் அவர் படித்தார், அதே தடித்தடிப் புத்தகங்களைத்தான். ஆனால் தலை காய்ந்தே இருந்தது. சூப்பர்வைசர் ஒரு நாள் தாங்காமல் கேட்டேவிட்டார்.

"ஏனுங்க, இப்பெல்லாம் பொஸ்தகத்துல யாரும் சாகறதில்லீங்களா?"

"சாகறாங்க. தொவட்டி உடறதுக்கு ஆளில்லீங்களே" என்று சொல்லிவிட்டு அவர் கரியை ஊதினார்.

அவர் காலமான சேதி வந்தபோது நான் வேறு கம்பெனியில் இருந்தேன். தொட்டிக்குப் போய் ரெண்டு குடம் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். "ஏனுங்க, அவரு உங்களுக்குப் பங்காளிங்களா?" என்று அங்கிருந்தவர்கள் கேட்டார்கள்.

"இல்லீங்க, பக்கத்து மேசை" என்றேன்.